முதுகைப் பார்த்த அப்பா

ஜெர்மனியின் எசன் நகரில், பனி பெய்த ஒரு பின்னேரம். ட்ராமின் இளஞ்சூட்டில் கண்ணயர்ந்துகொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள், அக்காவும் தங்கையும்.

"முன்னூறு வருசத்துக்கு முதல் எண்டா அப்பா என்ர முகத்தைப் பாத்திருப்பார், அக்கா."

"என்னடி சொல்லுறாய்?"

"அப்ப மெழுகுதிரி வெளிச்சம். நடிக்கிற ஆக்கள் மேடை விளிம்புக்கு வந்து, சனத்தைப் பாத்துத்தான் கதைப்பினம். பிறகுதான் மேடையை உண்மையான வீடு மாதிரிக் கட்டி, சனம் இருக்கிறதையே மறந்து நடிக்கத் தொடங்கினவை. நேற்று நாடகத்தில நான் அழுத காட்சி முழுக்கச் சனத்துக்கு முதுகு. பாங்க் வேலையை விட்டு நடிக்கப் போனதில இருந்து அப்பா என்னோட கதைக்கிறேல்லை. முதல் தரம் பாக்க வந்தவர், முதுகைத்தான் பாத்தவர்."

அக்கா கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தாள். வெளியே தெருவிளக்குகள் மிதந்து போயின.

"நான் அப்பாவுக்குப் பக்கத்தில இருந்தனான். நாடகத்தில நீ வீட்டை விட்டு வெளிக்கிட்டு, மேடைக் கதவைச் சாத்தினாய் எல்லோ? அப்பா எழும்பிட்டார்."

"கோவத்திலயோ?"

"இல்லையடி. உன்ர கோட்டு மேடையில, கதிரையில கிடந்தது. 'பிள்ளை குளிருக்குள்ள போகுது, ஆராவது அதைக் குடுங்கோவன்' எண்டு சத்தமாச் சொன்னவர். அந்தச் சனத்துக்கு நடுவில, தமிழில."