பதினேழு பெட்டி கீல்

என் அண்ணனுடைய ஞாபகத்துக்கு மாதச் சந்தா நூற்றுத் தொண்ணூற்றொன்பது. வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம். நான் மொத்தமாகவே கட்டினேன். அதில் சதி ஒன்றும் இல்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. தள்ளுபடியைக் கண்டும் காணாமல் போகிற வீட்டில் நான் பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் எழுதுங்கள். எனக்கு உட்கார்ந்தபடி பேச வராது. முப்பது வருடம் கல்லாவுக்கும் அலமாரிக்கும் நடந்த கால்கள். இந்த ஜன்னல் வரைக்கும் போய்ப் போய் வருகிறேன். இதன் மேல் கீல் தளர்ந்திருக்கிறது, கவனித்தீர்களா? இரண்டு திருகு போட்டால் சரியாகிவிடும்.

அண்ணனும் நானும் பூட்டு, கீல், தாழ்ப்பாள் விற்கிறவர்கள். கடை, அதன் மேல்மாடியில் குடோன், பின்கட்டில் அண்ணனின் வீடு. கட்டடம் இருவர் பேரிலும் இருந்தது. பக்கத்துக் கட்டடத்துக்காரர் நல்ல விலைக்குக் கேட்டு வந்தார். நான் சரி என்றேன். அண்ணன் முடியாது என்றார். இரண்டு கையெழுத்து வேண்டிய இடத்தில் என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

அண்ணனின் தலை சாதாரணத் தலை இல்லை. எந்தக் கைப்பிடி எந்த வருடம் என்ன விலைக்கு இறங்கியது என்று பில் பார்க்காமல் சொல்வார். சினிமாவும் அப்படியே. அண்ணி போன பிறகு தினமும் சாயங்காலம் ஒரு படம். ஹாலில் ஒரு சுவர் முழுக்க டிஸ்க்குகள், அறுநூற்றுப் பன்னிரண்டு. எந்தப் படத்தில் யார் எந்தக் கதவைச் சாத்துகிறார்கள் என்பதுவரை மனப்பாடம்.

டிஸ்க் போடும் பெட்டி ஒருநாள் படுத்துவிட்டது. நான்தான் ரிப்பேருக்குத் தூக்கிப்போனேன். உதிரிபாகம் வருவதில்லை என்றார் மெக்கானிக். சரி, சந்தா கட்டி இணையத்தில் பார்க்கட்டும் என்று பேச்சை எடுத்தேன்.

“அண்ணா, இதுல அஞ்சாயிரம் படம் இருக்கு. தூசி தட்ட வேண்டாம், தேட வேண்டாம்.”

“அஞ்சாயிரத்துல என்னுது எத்தனை?”

“எல்லாமே உங்களுதுதான்.”

“ஒரு மாசம் பணம் கட்டலைன்னா?”

“அப்ப வராது.”

“அதுக்குப் பேரு வாடகைடா. நம்ம கடைக்கு ஒருத்தன் வந்து பூட்டை மாச வாடகைக்குக் கேட்டா குடுப்பியா?”

“பேஷா குடுப்பேன். ஒரே வருஷத்துல மூணு பூட்டு விலை வந்துடும்.”

சிரித்துவிட்டார். அண்ணனைச் சிரிக்கவைத்தால் பாதிப் பேரம் முடிந்த மாதிரி. அவர் மனசு குளிர்ந்தால் கையெழுத்து தானாக வரும் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் கண் ஆபரேஷனுக்காக மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சுவரைக் காலிசெய்து பெரிய டிவியை மாட்டினேன். டிஸ்க்குகளைக் கடையில் கிடந்த அட்டைப்பெட்டிகளில் அடுக்கி மேலே குடோனில் ஏற்றினேன். பெட்டிக்கு முப்பத்தாறு வீதம் பதினேழு பெட்டி. ஒவ்வொன்றின் மேலும் “கீல், மூன்று அங்குலம்” என்று கம்பெனி லேபிள் இருந்தது. நான் ஒட்டியதில்லை. முன்பே ஒட்டியிருந்தது.

இரண்டாவது வாரம், ஒரு ரயில் நிலையப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். படம் முடிந்தது. அண்ணன் எழுந்திருக்கவில்லை.

“குடை எங்கடா?”

“எந்தக் குடை?”

“மறந்து வெச்ச குடையை எடுக்கத் திரும்பி வருவாளே. பெஞ்சுல அவன் இன்னும் உக்காந்திருப்பான். அதுதானே படமே.”

எனக்கும் அந்தக் குடை நன்றாக ஞாபகம் இருந்தது. படத்தின் நீளத்தைக் குறைக்க அந்த இடத்தை யாரோ வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அண்ணனின் முகத்தில் ஒன்றைப் பார்த்தேன். நாற்பது வருடத்தில் பார்க்காதது. சந்தேகம். அதுவும் என் மேல் இல்லை, அவர் மேலேயே.

கடையில் நான் விலை சொல்வதே இல்லை, அம்மா. “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். வந்தவர் தாமாக விலையில் ஏறுவார். அன்றைக்கும் அந்தப் பழக்கத்தில்தான் கேட்டேன்.

“அப்படியா, அண்ணா?”

அவ்வளவுதான் கேட்டேன். அவர் மறுபடி போட்டுப் பார்த்தார். குடை இல்லை. ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

சந்தா கட்டிய அந்தப் படச் செயலியில் ஆளுக்கொரு பக்கம் உண்டு. சந்தா கட்டுகிறவர் நினைத்தால், இன்னாருக்கு இன்ன படம் கண்ணில் படக்கூடாது என்று தன் கைப்பேசியிலிருந்தே தடுக்கலாம். குழந்தைகளுக்காக வைத்த வசதி. தேடினாலும் வராது. அப்படி ஒரு படமே உலகத்தில் இல்லாத மாதிரி இருக்கும். கல்லாவில் இருந்தபடியே செய்வேன். ஒரு கையில் பில், ஒரு கையில் கைப்பேசி.

திங்கட்கிழமை பாதி பார்த்த படம் செவ்வாய்க்கிழமை இருக்காது. “நேத்துப் பாத்தோமே, ரெண்டு அண்ணன் தம்பி, ஒரு படகு” என்பார். “அப்படியா, அண்ணா?” என்பேன். வியாழக்கிழமை திரும்ப விட்டுவிடுவேன். அது வந்து நிற்பதைப் பார்த்துத்தான் அவர் அதிகமாகப் பயந்தார்.

கடையிலும் ஆரம்பித்தது. ஒரு வாடிக்கையாளரிடம் விலை சொன்னவர், என்னைத் திரும்பிப் பார்த்து, “சரிதானேடா?” என்றார். முதல் தடவையாகக் கேட்டார். நான் பில் புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இந்தத் தடவை சரியாத்தான் இருக்கு” என்றேன். சரியாகத்தான் இருந்தது.

ஒருநாள் முட்டிவலியோடு குடோனுக்கு ஏறினார். டிஸ்க்கைப் பார்த்துவிட வேண்டுமாம். எங்கள் தொழிலில் பெட்டியைப் பிரித்துப் பார்க்கிற வழக்கமில்லை. லேபிள் சொன்னால் சொன்னதுதான். சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். கீல், கீல், கீல். இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

“நான் டிஸ்க் வெச்சிருந்தேன் இல்லடா?”

“எத்தனை வெச்சிருந்தீங்க, அண்ணா?”

ரொம்ப நேரம் யோசித்தார். “நெறைய” என்றார். அறுநூற்றுப் பன்னிரண்டு என்று சொல்லியிருந்தால், அம்மா, சத்தியமாக நான் அன்றே நிறுத்தியிருப்பேன்.

டாக்டரிடம் போகலாம் என்றதும் அவர்தான். நான் கூடப் போனேன். மூன்று சொல்லைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார் டாக்டர். அண்ணன் மூன்றையும் சரியாகச் சொன்னார். சொல்லிவிட்டு, “இல்லை, இதெல்லாம் நானா கட்டிச் சொல்றேன், நம்பாதீங்க” என்று அழுதார். வீட்டில் எப்படி என்று டாக்டர் என்னைக் கேட்டார். “நடக்காத சீனெல்லாம் நடந்ததா சொல்றார்” என்றேன். மூன்றாவது தடவை போனபோது, அண்ணனுக்கு நினைவு சரியில்லை என்று சான்றிதழ் கிடைத்தது. அதைக் கோர்ட்டில் காட்டியதும் அவருக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை எனக்கு வந்தது. ஆக, இரண்டு கையெழுத்தும் ஆயிற்று.

இப்போது அண்ணன் இருக்கிற முதியோர் விடுதி சுத்தமானது. ஜன்னல் கம்பிக்கெல்லாம் நல்ல தரமான திருகு. ஞாயிற்றுக்கிழமை போவேன். போன மாதம் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“உங்க அண்ணி பாடுவாளாடா? இல்ல, அதுவும் படத்துல பாத்ததா?”

“நீங்க என்ன நினைக்கிறீங்க, அண்ணா?”

“படமாத்தான் இருக்கும்” என்றார். “நமக்கு ஏது அவ்வளவு நல்ல குரல்ல பாடற பொண்டாட்டி.”

உங்களுக்கு எல்லாம் எப்படித் தெரிந்தது என்பது எனக்குத் தெரியும். கட்டடத்தை வாங்கியவர் குடோன் சரக்கையும் சேர்த்து வாங்கினார். கீல் தேவைப்பட்டு ஒரு பெட்டியைப் பிரித்திருக்கிறார். உள்ளே சினிமா. ஏமாற்றிவிட்டேன் என்று உங்களிடம் வந்துவிட்டார். தூக்கிப் போட்டிருக்கலாமே என்று காலையில் கேட்டீர்கள். விற்கத்தான் பார்த்தேன். பழைய சாமான்காரர் தராசில் வைத்து எடைக்கு விலை சொன்னார். அண்ணன் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்த சரக்கு, அம்மா. எடைக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. மனிதனுக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதில்லையா?

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். இல்லை, உட்காரவில்லை. இப்போதெல்லாம் மத்தியானத்தில் டிவி முன்னால் உட்கார்ந்தால் பட்டியலை உருட்டிக்கொண்டே இருக்கிறேன். ஒரு மணிநேரம், இரண்டு மணிநேரம். எதையும் போடுவதில்லை. போட்டால் அதில் ஏதாவது குறைகிறதா என்று எனக்கே தெரியப்போவதில்லை. எழுந்து நடக்கிறேன்.

மெக்கானிக்கா? ஆமாம், உதிரிபாகம் பிறகு வந்துவிட்டது. டிஸ்க் போடும் பெட்டி பாட ஆரம்பித்துவிட்டது என்று கூப்பிட்டுச் சொன்னார். கூலியைக் கொடுத்துவிட்டு அங்கேயே இருக்கட்டும் என்றேன். அண்ணன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

கணக்கு வேண்டும் என்றீர்கள். சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்காரர்களே வெட்டியிருந்த படம் ஒன்று. அவர்களே எடுத்துவிட்ட படங்கள் நான்கு. நான் தடுத்தவை முப்பத்தெட்டு. அதில் திரும்ப விட்டவை இருபத்தொன்பது. அண்ணன் என்னிடம் கேட்ட கேள்விகளை நான் எண்ணவில்லை. நான் அவரிடம் சொன்ன பொய், ஒன்றுகூட இல்லை.