எல்லாருக்கும் நல்லாத் தூக்கம்

பேருந்து பெருமுக்கல் தாண்டியதும் முன் இருக்கையிலிருந்த கல்லூரிப் பெண், "உனக்கு நல்லாத் தூக்கம் வருதுன்னு நான்தான்டி போட்டேன்" என்றாள்.

பக்கத்திலிருந்த தோழி மடியில் தலையணையை வைத்திருந்தாள். காலடியில் பெரிய பெட்டி, பிளாஸ்டிக் வாளி.

"எதுல போட்ட?"

"போன வாரம் யுனிவர்சிட்டில மாணவர் நலன்னு ஆன்லைன் ஃபார்ம் வந்துச்சுல்ல? மத்தியானத்துக்குள்ள மொத்த கிளாஸும் முடிக்கணும்னு கிளாஸ் ரெப்னு என்னைப் புடிச்சிக்கிட்டாங்க. எல்லார் பாஸ்வேர்டும் என்கிட்டதான இருக்குது, நானே அடிச்சிட்டேன்."

"வேற என்ன கேட்டிருந்தாங்க?"

"சாப்புடுறியா, அழுகை வருதா, மனசு விட்டுப் பேச ஆள் இருக்குதா, இப்படித்தான். எல்லாருக்கும் நல்லதாவே போட்டேன். முதல்ல முடிச்ச கிளாஸ்னு பாராட்டுனாங்க."

சன்னலுக்கு வெளியே உப்பளங்கள் வரத் தொடங்கின. தோழி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குச் சாயங்காலம் நான் தொறந்தேன்டி. ஏற்கெனவே முடிச்சாச்சுன்னு வந்துச்சு. நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. அதுல போட்டா கவுன்சிலர் மேடமே கூப்புடுவாங்கன்னு நெனச்சேன்."

ரெப் அவள் பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கிழமை மேடம்கிட்ட சொல்லி மாத்திடலாம்டி." பிறகு பெட்டியைக் குனிந்து பார்த்தாள். "ரெண்டு நாள் லீவுக்கு எதுக்கு இவ்ளோ சாமான்?"

மரக்காணம் வந்துவிட்டது. அவள் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"படிப்ப நிறுத்தறதுக்கும் ஒரு ஃபார்ம் இருக்குதுடி. அத நானே எழுதிக் குடுத்துட்டேன்."