மூலக்குளத்துக்கு வந்த அல்சாஸ் திராட்சை

மாலையும் கழுத்துமாக மேடையை அலங்கரிக்கும் மணமக்களே! தொண்டை கட்டியிருந்தும் தலைமை தாங்க வந்திருக்கும் எங்கள் ஆலைத் தொழிற்சங்கத்தின் மூத்தவர் கோவிந்தசாமி அவர்களே! மணமகன் எமீலைப் பெற்றெடுத்த அன்னை ஜொசியான் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முத்தெனத் திகழும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் என் பேச்சைச் செவியிலும் தாங்கிக்கொள்ளத் துணிந்து வந்த தாய்மார்களே! உங்கள் அனைவரையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

வாழ்த்த வந்தவன் நான். வாழ்த்துவதற்கு முன் ஒரு மதுவைப் பற்றிப் பேசப் போகிறேன். பின்னால் விசிலடிக்கும் தம்பிகளே, பொறுங்கள்! நீங்கள் நினைக்கும் சரக்கு அல்ல இது.

பிரான்சின் கிழக்கு ஓரத்தில் அல்சாஸ் என்றொரு சீமை. ஒருபுறம் மலை, மறுபுறம் ரைன் ஆறு. இரண்டு நாடுகள் மாறி மாறிச் சொந்தம் கொண்டாடிய மண். கொடி மாறினால் மொழி மாறும், மொழி மாறினால் பள்ளிப் பாடம் மாறும். இந்தக் கதை புதுச்சேரிக்குப் புதிதா? அந்த மண்ணில் விளைகிற திராட்சையின் பெயர் கெவுர்ட்ஸ்ட்ராமினேர். தடுமாறாமல் சொல்லிவிட்டேன், கைதட்டலுக்கு நன்றி! தோலின் நிறமோ இளஞ்சிவப்பு; பிழிந்து பக்குவப்படுத்திய ஒயினின் நிறமோ பொன்! முகர்ந்தால் ரோஜா, லிச்சி, லேசாகக் கிராம்பு. நாவிலே மெல்லிய இனிப்பு. அந்தக் கொடிகளை வளர்ப்பவர்தான் நம் எமீல்.

பிரெஞ்சுப் பட்டாளத்து ஓய்வூதியக்காரரின் மகன், இதே புதுச்சேரியின் குருசுக்குப்பத்தில் பிறந்தவர். தந்தை நோயில் விழுந்தார் என்று, வேலைக்குப் போயிருந்த அல்சாஸிலிருந்து ஓடிவந்தார். கோரிமேட்டு மருத்துவமனையில் தந்தையைக் கவனித்த செவிலி, நம் அரிகிருஷ்ணன் மகள் சந்திரகலா. தந்தைக்கு நோய் தீர்ந்தது, மகனுக்குத் தொடங்கியது!

பெண் கேட்டு வந்தார்கள். அரிகிருஷ்ணன் கேட்டார்: “தம்பி, இன்னா வேல பாக்குறீங்க?”

“ஒயின் தயாரிக்கிறேங்க, ஐயா.”

எழுந்துவிட்டார் மனிதர். “சாராயம் காச்சுறவனுக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேன்.”

தோழர்களே, அவரை யார் குறை சொல்ல முடியும்? ஆலை மூடியபோது வேலை இழந்த அவர் தம்பி, குடியில் விழுந்து, குடல் வெந்து, அண்ணன் மடியிலேயே கண்ணை மூடினான். அந்தப் பாடையைச் சுமந்த தோள்களில் என் தோளும் ஒன்று.

சந்திரகலா ஓடிப்போகவில்லை, உண்ணாவிரதம் இருக்கவில்லை. “நீ சம்மதிக்கிற வரைக்கும் காத்திருக்கேம்பா. ஆனா அவரு செய்யறது இன்னான்னு ஒருவாட்டி கேட்டுட்டு வேணாம்னு சொல்லு” என்றாள். அவர் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, “சரி, காச்சுறத எடுத்தாரச் சொல்லு. இன்னான்னு பாத்துடறேன்” என்றார்.

எமீல் மூலக்குளத்து வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் நானும் இருந்தேன். சந்திரகலாவின் அம்மா வீராயி அண்ணி நண்டுக் குழம்பு வைத்திருந்தார். எமீல் டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, “நீங்க குடிக்க வேணாங்க. மோந்து பாருங்க, போதும்” என்றார்.

அரிகிருஷ்ணன் முகர்ந்தார். “ரோசாப்பூ வாசம் அடிக்குது. இன்னா எசென்சு கலந்த?”

“எதுவும் கலக்கலீங்க. பழத்தோட வாசம்.”

“இத எதுகூட சாப்புடுவாங்க?” என்றார் அண்ணி.

“காரத்துக்கு நல்லா சேரும்மா. செவப்பு ஒயின் காரத்தக் கெளப்பி வுட்டுடும், இது தணிச்சிடும். உங்க நண்டுக் கொழம்புக்கு அப்படிப் பொருந்தும். அங்க மன்ஸ்தேர்னு ஒரு பாலாடைக்கட்டியோட சாப்புடுவாங்க. அதோட நாத்தம் தெருமுனை வரைக்கும் வரும், ஆனா ருசி!”

“அப்ப நம்ம கருவாடுன்னு சொல்லு!” அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார்.

அரிகிருஷ்ணன் சிரிக்கவில்லை. அவர் பார்வை எமீலின் விரல்களில் இருந்தது. “கையில இன்னா இவ்ளோ தழும்பு?”

“குளுருல கொடி வெட்டறப்ப கத்திரி கிழிச்சதுங்க. வெரலு மரத்துப் போயிருக்கும், பட்டதே தெரியாது.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “ஒரு வருசம் துளுரு வுட்ட ஒடனே உறைபனி. காலையில போயிப் பாத்தா தோட்டமே கருகிக் கெடந்துச்சு. மொதலாளி மண்ணுல உக்காந்து அழுதாரு. நானும் அழுதேன்.”

ஆலை மூடிய பின் குத்தகை நிலத்தில் கத்தரி போட்டு, பூவும் பிஞ்சுமாகப் புயல்மழையில் மூழ்கக் கண்டவர் அரிகிருஷ்ணன். அவர் குரல் இறங்கியது. “அப்பறம் இன்னா பண்ணீங்க?”

“கருகினத வெட்டிட்டுக் காத்திருந்தோம். மறுதுளுரு வந்துச்சு. கொஞ்சந்தான் காச்சுது.”

அரிகிருஷ்ணன் அந்தத் தழும்புகளை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “நீ வெவசாயின்னு மொதல்லியே சொல்லக் கூடாதா? நான் குடிக்க மாட்டேன். எம்வூட்ல பாட்டில் இருக்கக் கூடாது. நீயும் அளவு தாண்டக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம் மாமா!” என்ற எமீல், புட்டியைத் தானே எடுத்துக்கொண்டு போய் வெளியே வைத்தார். சந்திரகலா அப்போதுதான் அழுதாள்.

அன்பர்களே! குடி குலைத்த குடும்பங்களுக்காகக் குரல் கொடுப்போம். அதில் எள்ளளவும் இறங்க மாட்டோம். ஆனால் எதிரே நிற்கும் மனிதனைக் கேட்காமலே கதவடைப்போமா? அவன் உழைப்பை அறியாமலே அவனை ஒதுக்குவோமா? அரிகிருஷ்ணன் கொள்கையை விட்டாரா? இல்லை! கோபத்தை விட்டார். எமீல் தொழிலை மறைத்தாரா? இல்லை! திறந்து காட்டினார். கொள்கையும் குலையாமல் அன்பும் குலையாமல் இரண்டு குடும்பங்கள் ஒன்றாக முடியும் என்பதற்கு இந்த மேடையே சாட்சி!

நேற்று பந்தக்கால் அருகே மாமனாரும் மருமகனும் பேசிக்கொண்டிருந்தார்கள். புரட்டாசியில் அல்சாஸில் திராட்சை அறுவடையாம். அரிகிருஷ்ணன் போகிறார்! “விருந்தாளின்னு ஒக்கார வெச்சிடாத. எனக்கும் ரெண்டு வரிசை ஒதுக்கி வையி” என்றார்.

மணமக்கள் பல்லாண்டு வாழ்க! இவ்வளவு நேரம் மணியடிக்காமல் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், செவி தந்த உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்!