மணப்பட்டு லைனை மீட்டுத் தந்த தனக்கொடி

மேடையில் வீற்றிருக்கும் சங்கப் பெரியோர்களே, பாகூர் கொம்யூன் ஊர்கள் எல்லாவற்றிலுமிருந்து வந்திருக்கும் கேபிள் தொழில் தோழர்களே, தாயை இழந்து நம் நடுவே அமர்ந்திருக்கும் மகள் மஞ்சுளாவே, கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

பாகூர் கேபிள் நடத்துநர் சங்கத் தலைவர் தனக்கொடி அம்மையார். எனக்கு உடன்பிறவா அக்கா. கணவர் இறந்த மறுமாதமே கம்பம் ஏறக் கற்றுக்கொண்ட பெண்மணி. இடி விழுந்து கம்பத்துக் கேபிள் பெட்டிகள் கருகிய மழைக்காலத்திலும் பாகூரில் இரண்டே நாளில் படம் வரவைத்தவர். அவர் பெருமையைப் பலரும் பேசினார்கள். நான் பேசப்போவது என் தவறை. இதுவரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு இரண்டு சேனல்களில் இரண்டு பாட்டுப் போட்டிகள் மோதிக்கொண்டிருந்தன. ‘குயில் மேடை’யில் நம் மஞ்சுளா பாடினாள். ‘குரல் மகுடம்’ நிகழ்ச்சியில் மணப்பட்டு மீனவர் செல்லப்பன் மகள் கீதாஞ்சலி பாடினாள். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சொல்லும் டி.ஆர்.பி. கணக்கில் வாராவாரம் ஒன்று ஏறும், மற்றது இறங்கும். யார் வீட்டில் அந்தக் கணக்கெடுக்கும் பெட்டி இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. நம் பக்கத்தில் சில வீடுகளில் இருப்பதாகப் பேச்சு மட்டும் உண்டு.

இரண்டிலும் அரையிறுதி நேரலை. அதற்கு முந்தின நாள் ‘குயில் மேடை’யின் விளம்பர ஏஜென்ட் ஒருவர் என்னிடம் வந்தார். “நாளைக்கு ஒரு மணி நேரம் உங்க லைன்ல ‘குரல் மகுடம்’ வராம பாத்துக்குங்க. எல்லாரும் எங்க நிகழ்ச்சியப் பாத்தா உங்க தலைவரம்மா பொண்ணுக்கும் ஓட்டு கூடும், நல்லதுதானே” என்றார். நான் ஒப்புக்கொண்டேன். அக்காவுக்கு உதவி செய்வதாகவே நினைத்தேன். மணப்பட்டு முழுக்க என் லைன். மறுநாள் ஆறரைக்கு அந்த ஒரு சேனலை நிறுத்தினேன்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கன்னியக்கோயிலில் உள்ள என் கண்ட்ரோல் ரூம் வாசலில் அக்காவின் ஸ்கூட்டி வந்து நின்றது.

“இன்னாடா சுப்பு, மணப்பட்டுல படம் வரலையாமே? செல்லப்பன் போன் பண்ணி அழுவுறாரு.”

“லைன் போச்சுக்கா.”

“லைன் போனா ஒரு சேனல் மட்டுமா போவும்?”

நான் தலைகுனிந்தேன். “மஞ்சுவுக்காகத்தாங்க்கா” என்றேன்.

“எம் பொண்ணு பாடி ஜெயிக்கட்டும். இல்லன்னா தோத்துட்டு வூட்டுக்கு வரட்டும். கம்பிய புடுங்கி ஜெயிக்க வேணாம். போடுடா.”

போட்டேன். கீதாஞ்சலி மேடையேறப் போகும் நேரம் அது. அக்கா நின்றுகொண்டே அவள் பாட்டைக் கடைசிவரை கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதே நேரம் அடுத்த சேனலில் மஞ்சுளா பாடிக்கொண்டிருந்தாள். வீடு நிறைய உறவினர்கள் காத்திருக்க, பெற்ற மகள் பாடுவதைப் பார்க்காமல் அந்தத் தாய் என் அறையில் நின்றார். இப்படி ஒரு தலைவர் நமக்கு வாய்த்தது எத்தனை பெரிய பேறு!

அந்த வாரம் மஞ்சுளா வெளியேறினாள். கீதாஞ்சலி இறுதிச் சுற்றுக்குப் போய் இரண்டாம் பரிசு பெற்றாள். அக்கா வருந்தினாரா? வருந்தினார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று பின்னாளில் மஞ்சுளாவே சொன்னாள். ஆனால் என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை, சங்கத்தில் காட்டிக்கொடுத்ததும் இல்லை. அடுத்த ஆடியில் வீராம்பட்டினம் திருவிழா மேடையில் அந்த இரு பெண்களையும் சேர்த்துப் பாடவைத்தார். இன்று அவர்களுக்குச் சொந்தமாக ஒரு இசைக்குழு இருக்கிறது. பொங்கல்வரை ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடக் காலியில்லையாம்.

தோழர்களே, இந்த ஆண்டு அரியூர்ப் பெண் ஒருத்தி ஒரு நிகழ்ச்சியிலும் வில்லியனூர்ப் பையன் ஒருவன் எதிர் நிகழ்ச்சியிலும் பாடுகிறார்கள். மறுபடியும் அதே கிழமை, அதே நேரம். ஏஜென்ட்டுகள் வருவார்கள், என்னிடமும் உங்களிடமும். எந்த லைனிலும் எந்த நிகழ்ச்சியும் நிறுத்தப்படாது என்று நேற்று சங்கத்தில் கையெழுத்திட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது. யார் ஜெயிப்பார்களோ தெரியாது. இரண்டு பிள்ளைகளின் குரலும் எல்லா வீட்டிலும் கேட்கும். அதற்கு நான் பொறுப்பு, அக்கா.