இரண்டு பெரியது, ஒரு குட்டி

என் பெயரும் வீட்டு முகவரியும் இத்துடன் உள்ள முதல் தாளில் என் கையெழுத்தில் உள்ளன. எனக்கு வயது நாற்பத்து நான்கு. புவியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். திருமணமாகவில்லை. பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டில் அக்காவுடன் வசிக்கிறேன். மண்டல இயற்கைப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பொய்ப் பதிவு செய்ததாக இந்த வழக்கில் விசாரிக்கப்படும் களப்பணியாளரை அந்தப் பதினாறு ஆண்டுகளும் எனக்குத் தெரியும். யாரும் அழைக்காமல் நானாக இன்று காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகம் மண்டலம் முழுவதையும் ஆயிரத்து இருநூற்று அறுபது கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. எந்தக் கட்டத்தில், எந்தத் தேதியில், எந்த உயிரினத்தை, யார் பார்த்தார் என்பதைத் தரவுத்தளத்தில் ஏற்றுவது என் வேலை. பார்த்தவரின் எண் இல்லாத பதிவைக் கணினி ஏற்காது. ஏற்றிய பதிவுகளை வைத்துத் திட்ட மென்பொருள் கட்டங்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும். முதல் நூற்றெண்பது கட்டங்களுக்கு மட்டுமே பாதுகாப்பு என்பது மேலிடத்து முடிவு. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகும். களப்பணியாளர் இதை, "நூத்தி எண்பது சீட்டு, நின்னுக்கிட்டுப் போற வசதி கிடையாது" என்பார்.

அவருடைய எண் ஏழு. வண்டி ஓட்டத் தெரியாது என்பதால் அலுவலகத்தில் அவரை நடைவண்டி என்று கூப்பிடுவோம். அவரும் போனை எடுத்தால் "நடைவண்டி பேசறேன்" என்றுதான் சொல்வார். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதங்கள் உள்ளன. மாதக் கடைசியில் குடையும் நோட்டுமாக வந்து என் எதிரில் உட்கார்ந்து, "என்னம்மா, உங்க கம்ப்யூட்டர் இன்னிக்கு எந்தக் காட்டை முழுங்குச்சு?" என்று கேட்டுவிட்டு நோட்டைக் கொடுப்பார். சத்தம் கேட்டதை, தடம் கண்டதை எல்லாம் தனியாக எழுதி, "பார்த்தது மட்டும் ஏத்துங்க" என்பார். ஆறு வருடங்களுக்கு முன் நீர்நாய் ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருந்தார். நான் ஏற்றி மூன்று நாள் கழித்துப் போன் செய்து, "அது நீர்நாய் இல்லைன்னு தோணுதும்மா. வாலை மட்டும்தான் பார்த்தேன். எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டேன். அதன் பிறகு அவர் நோட்டில் நீர்நாய் வரவேயில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சதுப்பு உள்ளது. மழைத் தண்ணீர் அதில்தான் இறங்குகிறது. கிடங்குகள் கட்டுவதற்காக அதை மண் கொட்டி மேடாக்கப் போவதாகச் சென்ற ஆண்டு ஜனவரியில் அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சதுப்பின் ஒரு மூலையை மட்டும் மூடியதற்கே எங்கள் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அக்காவுக்கு மூட்டுவலி. இரண்டு நாள் கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் இருந்தாள். அறிவிப்பைப் படித்துவிட்டு, "ஊர் உலகத்துக்கெல்லாம் மேப் போடறே. நம்ம வீட்டுக்குப் பின்னாடி ஒரு கோடு போட முடியாதா உனக்கு?" என்றாள். அது என் கையில் இல்லை என்றேன். "அப்ப உன் கையில என்னதான் இருக்கு?" என்று கேட்டாள்.

அதன் பிறகு மார்ச் மாதம் மென்பொருளில் வரைவுப் பட்டியலை ஓட்டினேன். சதுப்பு உள்ள கட்டம் நூற்று எண்பத்து மூன்றாவது இடத்தில் வந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்று இருபதுக்கு மற்ற மூவரும் டீ குடிக்கப் போனார்கள். நான் போகவில்லை. களப்பணியாளரின் நோட்டைப் பார்த்து, அவர் சதுப்புக்குப் பக்கத்து ஊர்களில் நடந்த தேதி ஒன்றை எடுத்துக்கொண்டு, அவருடைய எண்ணில், சதுப்பில் ஒரு நீர்நாய் பார்த்ததாகப் பதிவு போட்டேன். மறுபடி ஓட்டினேன். சதுப்பு நூற்று எண்பத்தொன்றுக்கு வந்து நின்றது. குட்டி இருந்தால் மதிப்பெண் கூடும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே வேறொரு தேதியில் இரண்டாவது பதிவு போட்டேன். குறிப்பு என்ற இடத்தில், "இரண்டு பெரியது, ஒரு குட்டி" என்று எழுதினேன். அவர் அப்படித்தான் சுருக்கமாக எழுதுவார். சதுப்பு நூற்று அறுபத்தெட்டாம் இடத்துக்குப் போனது. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

எந்தக் கட்டம் வெளியே போனது என்று உடனே பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கட்டம் 417. ஒரு குன்றின் வடக்குச் சரிவு. அங்கே ஓர் ஊற்றும், கட்டைவிரல் நகம் அளவு தவளை ஒன்றும் உண்டு. அந்தத் தவளை வேறு இரண்டு கட்டங்களிலும் இருந்ததால் மென்பொருளுக்கு 417 அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. மூன்று இடங்களிலும் அதைப் பார்த்தவர் களப்பணியாளர் ஒருவரே. திரையில் 417 பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. எனக்கு வாங்கிவந்த டீயை மேசையில் வைத்தார்கள். குடித்தேன்.

பட்டியல் ஜூனில் ஒப்புதல் ஆனது. அக்டோபரில் சரிவு கல்குவாரிக்குப் போனது. அதன் பிறகு நவம்பரில் களப்பணியாளர் அங்கே போய்விட்டு நேராக அலுவலகத்துக்கு வந்தார். குடையிலும் செருப்பிலும் வெள்ளைத் தூசி. என் எதிரில் உட்கார்ந்து, "அது எப்படிம்மா வெளிய போச்சு?" என்று கேட்டார். "மென்பொருள் அப்படித்தான் சார் கொடுத்துச்சு" என்றேன். சிறிது நேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "நான்தான் இன்னும் ரெண்டு தடவை போயிருக்கணும். பதிவு பத்தலை" என்றார்.

இந்த ஆண்டு பிப்ரவரியில் கிடங்கு நிறுவனத்தின் வக்கீல், சதுப்பில் நீர்நாய் பார்த்ததற்கான நோட்டுப் பக்கங்களைக் கேட்டார். அப்படிப் பக்கங்கள் இல்லை. களப்பணியாளரை எங்கள் அலுவலக இயக்குநர் அழைத்தார். அவர் தாம் பார்க்கவில்லை என்றார். "உங்க நம்பர்தானே சார் இருக்கு" என்றார் இயக்குநர். வரைபடப் பிரிவில் நால்வருக்கும் ஒரே கடவுச்சொல். அது திரைக்குக் கீழே ஒட்டியுள்ள தாளில் இருக்கிறது. களப்பணியாளரும் சில சமயம் அதைப் போட்டு உள்ளே போவார். ஆகவே யார் ஏற்றியது என்று கணினியில் தெரியாது. என்னை யாரும் கேட்கவில்லை. அவரைப் பணியிடை நீக்கம் செய்து இந்த நிலையத்தில் புகார் கொடுத்தார்கள்.

அதன் பிறகு அவருடைய எண்ணில் உள்ள மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பதிவுகளையும் சந்தேகத்துக்குரியவை என்று குறித்துப் பட்டியலை மறுபடி ஓட்டச் சொல்லி உத்தரவு வந்தது. அதை ஓட்டியது நான். பதினொரு கட்டங்கள் வெளியே போயின. அந்தத் தவளை உள்ள மற்ற இரண்டு கட்டங்களும் அவற்றில் அடக்கம். அவை போனதால், நீர்நாய்ப் பதிவு இல்லாமலே சதுப்பு உள்ளே நின்றது. வெளியே போகும் கட்டங்களின் பட்டியல் இந்த மாதக் கடைசியில் இறுதியாகும். பிறகு அவற்றைக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம். இது எனக்குத் தெரிந்து இன்றோடு பத்தொன்பது நாட்கள் ஆகின்றன. நேற்று வரை நான் விடுப்பு எடுக்காமல் வேலைக்குப் போனேன்.

நேற்று மாலை நான்கு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய், நான்தான் போட்டேன் என்று சொன்னேன். அவருடைய மனைவி எனக்காகக் கொண்டுவந்த தண்ணீரை மேசைமேல் வைக்காமல் திரும்ப உள்ளே எடுத்துப் போனார். களப்பணியாளர் கத்தவில்லை. "இன்னும் எத்தனையோ பேர் நம்பர் இருக்கே. எதுக்கும்மா என் நம்பர்?" என்று கேட்டார். "உங்க நம்பர்னா யாரும் திருப்பிக் கேட்க மாட்டாங்க சார். அதான்" என்றேன். "ரொம்ப மரியாதை" என்றார். பிறகு, "நிஜமாவே அங்க நீர்நாய் இருக்கா, இல்லையா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். சதுப்பு எங்கள் சமையலறை ஜன்னலுக்கு இருநூறு அடியில் உள்ளது. பதினாறு வருடங்களாகத் திரையில் பார்த்திருக்கிறேன். இறங்கிப் போய்ப் பார்த்ததில்லை. இதையும் அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து வாசல் கதவைத் திறந்துவிட்டார்.

அங்கிருந்து இயக்குநருக்குப் போன் செய்தேன். "எண்ணை மாத்தி அடிச்சுட்டேன்னு எழுதிக் கொடுங்கம்மா. டைப்பிங் தப்புன்னா உங்களுக்கும் நல்லது, ஆபீசுக்கும் நல்லது" என்றார். எண்ணை மாற்றி அடிக்கலாம். குட்டியை மாற்றி அடிக்க முடியாது. அது கை தவறி நடந்தது அல்ல, தெரிந்தே செய்தேன்.

இன்று காலை அக்காவிடம் சொன்னேன். என் இரண்டு பதிவுகளையும் எடுத்துவிட்டுக் களப்பணியாளருடையவற்றைத் திரும்பச் சேர்த்தால் சதுப்பு மறுபடி பட்டியலுக்கு வெளியே போய்விடும், மண் கொட்டுவார்கள் என்றும் சொன்னேன். அவள், "குன்றைத்தான் ஏற்கெனவே வெட்டிட்டாங்களே. நீ போய்ச் சொன்னா அது முளைச்சு வருமா?" என்றாள். வராது என்றேன். "பின்ன எதுக்கு இருக்கறதையும் கெடுக்கறே?" என்றாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது, கீழ் அலமாரியில் இருந்த துணிகளை எடுத்து மேல் தட்டில் வைக்க ஆரம்பித்திருந்தாள்.

யாராவது தூண்டினார்களா என்று விசாரணை அதிகாரி கேட்டார். இல்லை. அக்கா கேட்டது ஒரு கோடு. அதை எங்கே, யார் பெயரில் போடுவது என்று முடிவு செய்தது நான்.

ஏழாம் எண்ணில் உள்ள பதிவுகளில் நான் போட்ட இரண்டு மட்டுமே பொய். அவற்றின் வரிசை எண்கள் முதல் தாளின் பின்பக்கம் உள்ளன. மீதி மூவாயிரத்து நூற்றுப் பத்தும் அவர் நடந்துபோய்ப் பார்த்தவை. மாதக் கடைசிக்கு முன் அவற்றைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அது காவல் துறையின் வேலை அல்ல என்று விசாரணை அதிகாரி சொன்னார். இருந்தாலும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். எழுதிக்கொண்டார்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நானும் ஒருமுறை படித்தேன். சொன்னபடியே உள்ளது. நான் பார்க்காத எதையும் இதில் பார்த்ததாகச் சொல்லவில்லை.

(கையொப்பம்)