ஓட்டை இல்லாத பிளேட்டு

அகிலன்: ...இல்ல ஜூலி, தண்ணி இல்ல. வெரல வச்சுப் பாத்துட்டேன். எண்ணெதான். வண்டி நின்ன எடத்துல கெடக்கு.

ஜூலியட்: டேய், மணி என்னாகுது தெரியுமா?

அகிலன்: நாலே முக்கால்.

ஜூலியட்: பூசைக்கு எந்திரிச்சதால நா எடுத்தேன். இல்லன்னா எங்கப்பா எடுத்திருப்பாரு. மெதுவாப் பேசு. யாரு வண்டி?

அகிலன்: எங்க தேவசேனாக்கா வண்டி. அக்கா கெளம்பிப் போயிருச்சு. வத்தலக்குண்டுல சுத்திப் பாக்க வந்தவங்க ஆறு பேரு பைக்கோட நிக்கிறாங்களாம், அவங்கள மன்னவனூருக்குக் கூட்டிட்டு வரணும்னு வெள்ளனே எடுத்துருச்சு. நா கேட்டப் பூட்டப் போனேன். டார்ச்ச அடிச்சா... கருப்பா, ஒரு தட்டு அளவுக்கு.

ஜூலியட்: செயினுக்கு எண்ணெ விட்டிருப்பாங்க. அது சொட்டியிருக்கும்.

அகிலன்: செயினு பின்னால இருக்கு. இது முன்னால கெடக்கு.

ஜூலியட்: முன்னாலன்னா... எஞ்சினுக்கு நேரா. அங்கதான் கல்லு அடிக்காம மூடுற பிளேட்டு இருக்கே. போன வாரம் எங்க கடைல மாட்டுனது. அதுல ஓட்டையே கெடையாது, எப்பிடிச் சொட்டும்?

அகிலன்: அதான் எனக்கும் புரியல. நெறஞ்சு வழிஞ்சிருச்சோ?

ஜூலியட்: எது நெறஞ்சு? ஏலே. எதுக்கு நெறையணும்?

அகிலன்: ஒண்ணு சொல்றேன். நீ கத்தக் கூடாது.

ஜூலியட்: பக்கத்து ரூம்ல அப்பா தூங்குறாரு. கத்தணும்னாலும் முடியாது. சொல்லு.

அகிலன்: கவுஞ்சி ஊரத் தாண்டி ஒரு கல்லு... மூணு வாரம் ஆச்சு. அக்கா திண்டுக்கல் போயிருந்துச்சு. நா வண்டிய எடுத்தேன்.

ஜூலியட்: லைசென்சு இல்லாம.

அகிலன்: அதுவா இப்ப முக்கியம்? ஆட்டுப் பண்ணைக்குப் போற ரோடு, மழைல பேந்து கெடக்கு. கல்லு மேல ஏறி எறங்குச்சு. அடியில ணங்குன்னு ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து குனிஞ்சு பாத்தா எஞ்சினுக்குக் கீழ முடி மாதிரி ஒரு கீறல். எண்ணெ வேர்க்குது.

ஜூலியட்: வேர்க்குதா, சொட்டுதா?

அகிலன்: வேர்க்குது. தொடச்சா திரும்ப வேர்க்கும். அதான் தண்ணி டேங்கு ஒட்டுவாங்கள்ல, அந்தப் பசையப் பெசஞ்சு அப்பிட்டேன். நின்னுருச்சு.

ஜூலியட்: டேங்கு பசைய எஞ்சின்ல வச்சிருக்க. தண்ணி டேங்கு என்னைக்குலே அந்தச் சூடு சூடாச்சு?

அகிலன்: எனக்கு அப்ப ஒண்ணும் ஓடல ஜூலி. இப்பவும் ஓடல.

ஜூலியட்: அக்காவுக்குப் போன் போட்டியா?

அகிலன்: பதினோரு தடவ. ஓட்டுறப்ப எடுக்காது. ஜாக்கெட்டுக்குள்ள கெடக்கும்.

ஜூலியட்: பெருமாள்மலைல டீக்கு நிப்பாங்களா?

அகிலன்: கந்தவேலண்ணன் கடைல. எப்பவும் நிக்கும். ஆனா இன்னைக்கு லேட்டு. நிக்காமப் போயிருச்சுன்னா...

ஜூலியட்: அவரு நம்பர் எங்கிட்ட இருக்கு. நீ லைன்லயே இரு. நா கடை போன்ல அடிக்கிறேன்.

அகிலன்: என்னன்னு சொல்லுவ?

ஜூலியட்: வண்டிய நிப்பாட்டுங்கன்னு.

அகிலன்: அக்கா ஏன்னு கேட்டா?

ஜூலியட்: ஒனக்கு அக்கா வேணுமா, நல்ல பேரு வேணுமா?

அகிலன்: ...அடி. வெரசா அடி.

ஜூலியட்: ரிங்கு போகுது. ...எடுக்கல. கடை தொறந்துட்டாரா இல்லயான்னு தெரியல. திரும்ப அடிக்கிறேன்.

அகிலன்: அக்கா போயி இருவது நிமிசம் ஆச்சு. பெருமாள்மலை வந்திருக்கும்ல? இல்ல இன்னும் வரலயா? பனி இருந்தா மெதுவாத்தான் போகும்...

ஜூலியட்: எனக்கு எப்பிடித் தெரியும். இரு, ரிங்கு போகுது. ...ஆமா, அக்கா பொறந்த நாளுக்குன்னு சொல்லித்தான பிளேட்டு வாங்குன, அது பொய்யா?

அகிலன்: பொறந்த நாளு நெசந்தான்.

ஜூலியட்: நா க்ராஷ் பாருதான் எடுக்கச் சொன்னேன். ஃப்ரேம்ல புடிக்கிறது, வண்டி சாஞ்சாலும் காலு தப்பிக்கும், டேங்கு தப்பிக்கும்னு தொண்டத் தண்ணி வத்தச் சொன்னேன். நீ பாரு வேணாம், பிளேட்டுதான்னு ஒத்தக் கால்ல நின்ன.

அகிலன்: ம்.

ஜூலியட்: சரி பிளேட்டுன்னா அலுமினியம் எடு, லேசா இருக்கும், எண்ணெ மாத்த ஓட்டையும் இருக்குன்னேன். வேணாம்ன. இரும்புதான், ஓட்டை இருக்கக் கூடாதுன்ன. கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்த மாதிரி ஒவ்வொண்ணாப் பொரட்டிப் பொரட்டிப் பாத்த. ...எடுக்கலடா இந்த மனுசன். திரும்ப அடிக்கிறேன்.

அகிலன்: அடி, அடி.

ஜூலியட்: கடைசில ரெண்டு பக்கமும் ரெக்க வச்ச ஒண்ணத் தூக்குன. அந்த ரெக்க எண்ணெ பாக்குற கண்ணாடிய மறைக்கும்னு சொன்னேன். பரவால்ல, கெத்தா இருக்குன்ன.

அகிலன்: மறைக்கத்தான் எடுத்தேன். அக்கா தெனம் குனிஞ்சு அந்தக் கண்ணாடியப் பாத்துட்டுத்தான் சாவியப் போடும். அளவு கொறஞ்சா கேக்கும்ல.

ஜூலியட்: அப்ப இப்ப எவ்வளவு இருக்குன்னு அவங்களுக்கே தெரியாது.

அகிலன்: யாருக்கும் தெரியாது. தரைல கெடக்குறது பிளேட்டுல தேங்குன மிச்சமா, இல்ல எஞ்சின்ல இருக்குறதே அவ்வளவும் போயிருச்சா... நேத்து வண்டி கழுவுனேன், அந்தத் தண்ணியும் கலந்திருக்கும். அதனாலதான் அம்புட்டு பெருசாத் தெரியுதோ? எண்ணெ கொறஞ்சா சேப்பு லைட்டு எரியும்ல ஜூலி?

ஜூலியட்: எரியும். அது எரியிறப்ப பாதி வேல முடிஞ்சிருக்கும்.

அகிலன்: முடிஞ்சா?

ஜூலியட்: எஞ்சின் புடிச்சுக்கும். பின் சக்கரம் சுத்தாது. நேர் ரோடுன்னா க்ளட்ச்ச அழுத்தி ஒதுங்கிரலாம்...

அகிலன்: பெருமாள்மலைக்குக் கீழ ஏது நேர் ரோடு?

ஜூலியட்: ...இரு இரு, எடுத்துட்டாரு. அண்ணே, கந்தவேலண்ணே, நா செபாஸ்டின் கடை ஜூலியட். நம்ம தேவசேனாக்கா வந்தாங்களா? ...வரலயா? ...என்ன லைட்டு? பைக்கா? அண்ணே, அது அவங்கதான், ரோட்டுல போயி நில்லுங்க. கைய காட்டி நிப்பாட்டுங்க. பாலு பொங்குனா பொங்கட்டும்ண்ணே, ஓடுங்க.

அகிலன்: நின்னுச்சா?

ஜூலியட்: போன அப்பிடியே வச்சிட்டு ஓடிட்டாரு. பாட்டுச் சத்தந்தான் கேக்குது.

அகிலன்: ஜூலி. நின்னுச்சா?

ஜூலியட்: தெரியலடா... தெரியல.

அகிலன்: இரு, எனக்கு இன்னொரு காலு வருது. அக்கா. அக்காதான் ஜூலி.

ஜூலியட்: என்னயும் சேத்து விடு. நா பேச மாட்டேன்.

தேவசேனா: அகில், என்னடா இது, இத்தன மிஸ்டு காலு. கந்தவேலண்ணன் டீ வடிகட்டியோட நடு ரோட்டுல குறுக்க நிக்கிறாரு. அம்மாவுக்கு என்னாச்சு?

அகிலன்: அம்மா தூங்குது. மொதல்ல வண்டிய ஆஃப் பண்ணுக்கா.

தேவசேனா: பண்ணியாச்சு. பேசு.

அகிலன்: பிளேட்டுக்கு மேல எஞ்சின்ல கீறல் இருக்கு. நாந்தான். நீ திண்டுக்கல் போன அன்னைக்கு மன்னவனூர் ரோட்டுல... பசை போட்டு ஒட்டுனேன். நீ பாக்கக் கூடாதுன்னுதான் அந்தப் பிளேட்ட வாங்குனேன்.

தேவசேனா: குனிஞ்சு பாக்குறேன். இரு. ...வழியுதுடா. பின் டயரு வரைக்கும் நனஞ்சு கெடக்கு. ரெண்டு வளைவுல பின்னால வழுக்குச்சு. பனின்னு நெனச்சேன்.

அகிலன்: சாரிக்கா.

தேவசேனா: எந்தம்பி வாங்கிக் குடுத்ததுன்னு போற எடமெல்லாம் நிப்பாட்டிக் காட்டுனேன்டா இத. லைன்ல வேற யாரு? மூச்சு கேக்குது.

ஜூலியட்: நாந்தாங்க்கா, ஜூலியட். கந்தவேலண்ணனுக்கு நாந்தான் அடிச்சேன்.

தேவசேனா: நல்லதாப் போச்சு. ஒன்னத்தான் கேக்கணும். பிளேட்ட மாட்டுனது ராஜமுருகன் மெக்கானிக்குதான?

ஜூலியட்: அவரு அன்னைக்கு வரலங்க்கா.

தேவசேனா: அப்ப?

ஜூலியட்: நா மாட்டுனேன். அப்பா மொத தடவையா என்னயத் தனியா மாட்டச் சொன்னாரு.

அகிலன்: நீயா? நா அவருன்னுல்ல நெனச்சேன்.

தேவசேனா: நீ சும்மாரு. ஜூலி, பிளேட்டு மாட்டணும்னா வண்டிக்கு அடில மல்லாக்கப் படுக்கணும். மூஞ்சிக்கு நேரா எஞ்சின் இருக்கும். பசை ஒங் கண்ணுல படலியா?

ஜூலியட்: பட்டுச்சுக்கா. ஏதாச்சும் சிக்கல்னா விட்டுரு, ராஜமுருகன் வந்து பாக்கட்டும்னு சொல்லித்தான் அப்பா சாவியக் குடுத்தாரு. சொன்னா வேல எங்கையவிட்டுப் போயிரும். அகிலுக்குத் தெரியாம இருக்காது, அவனே ஒங்ககிட்டச் சொல்லிருப்பான்னு... தொடச்சேன். பிளேட்ட வச்சு மூடிட்டேன்.

அகிலன்: அப்ப இவ்வளவு நேரமும் எல்லாந் தெரிஞ்சுக்கிட்டே எங்கிட்டக் கேட்டியா?

ஜூலியட்: நீ சொல்றியான்னு பாத்தேன்.

அகிலன்: நா சொல்லாம இருந்திருந்தா?

ஜூலியட்: ...தெரியல.

தேவசேனா: ரெண்டு பேரும் நிறுத்துங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நா இங்க நிக்காம எறங்கிப் போயிருந்து, விடிஞ்சப்பறம் வேற யாராச்சும் எம் போன்ல இருந்து வீட்டுக்குக் கூப்புட்டிருந்தா... அம்மாகிட்ட ஒங்க ரெண்டு பேருல யாரு இந்தக் கீறலப் பத்தி வாயத் தொறந்திருப்பீங்க?