நீல டிக் போட்ட தம்பி

— என் ஃபோன்ல இருக்கற அந்த ஆப்பை அழிக்காதடா. ஃபோனைக் குடு இங்க.

— அழிக்கத்தான் போறேன்க்கா. முதல்ல இந்த மோட்டாரை மோந்து பாரு. கருகின வாடை வருதா?

— வருது. அதனாலதானே காலையில உனக்கு ஃபோன் பண்ணினேன். நீ அனுப்பின மோட்டார், நீயே வந்து பாருன்னு.

— நான் அனுப்பல. வந்ததுல இருந்து அதையேதான் சொல்றேன். இருபத்தாறு வருஷமா தையல் மெஷின் ரிப்பேர் பண்றவன், கூடப் பிறந்தவளுக்கு இந்தக் குப்பையை அனுப்புவேனா? உள்ள செம்புக் கம்பியே கிடையாது. அலுமினியத்தைச் சுத்தி வெச்சிருக்கான்.

— பெட்டி மேல உன் மூஞ்சி இருந்துச்சே.

— அதாங்க்கா வயிறு எரியுது. என் படத்தை எடுத்து, 'மெஷின் டாக்டர்'னு என் பேரையே போட்டு ஒருத்தன் ஆறு மாசமா இந்த ஆப்ல போலி அக்கவுண்ட் திறந்து கடை விரிச்சிருக்கான். ஒரு அம்மா எங்கிருந்தோ என் நம்பரைத் தேடிப் பிடிச்சு, நீ நல்லா இருப்பியாடான்னு கேட்டாங்க. அவங்க வீட்டுல மேசையே எரிஞ்சு போச்சாம். நான் என்ன பதில் சொல்றது?

— போலின்னு அந்த ஆப் கம்பெனிக்கு எழுத வேண்டியதுதானே.

— எழுதலையா? ஏழு தடவை எழுதினேன். ஏழு தடவையும் ஒரே பதில். 'பரிசீலித்தோம், விதிமீறல் எதுவும் இல்லை.' யாருடா பரிசீலிச்சான்? மனுஷன் பாத்தானா, மெஷின் பாத்துச்சா? அடையாள அட்டையை ரெண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பினேன். படம் தெளிவா இல்லைன்னு பதில் வருது. அட்டையில நானே தெளிவா இல்லக்கா, அதுக்கு நான் என்ன பண்றது?

— அந்தப் படத்துல நீ திருடன் மாதிரிதான் இருப்பே.

— சிரி, நல்லா சிரி. அவன் மாசாமாசம் காசு கட்டி நீல டிக் வாங்கி வெச்சிருக்கான். நான் கட்டல. எதுக்குக் கட்டணும்? நான்தான் நான்னு சொல்றதுக்கு நானே காசு குடுக்கணுமா?

— கத்தாதே. டீச்சர் உக்காந்திருக்காங்க.

— இருக்கட்டும், அவங்களும் கேக்கட்டும். பதினோரு வருஷமா நான் அந்த ஆப்ல ஒரு க்ரூப்பை நடத்தினேன் டீச்சர். ஒன்பதாயிரம் பேர். எல்லாம் தைக்கிறவங்க, ரிப்பேர் பண்றவங்க. நூல் அறுந்தா ஒரு படம் போடுவாங்க, பத்து நிமிஷத்துல எவனாவது, ஊசியைத் திருப்பி மாட்டியிருக்கே பாருன்னு சொல்லுவான். ஒத்தக் காசு கிடையாது. எங்க ஒன்பதாயிரம் பேரைக் காட்டி விளம்பரம் வித்தவன் அந்தக் கம்பெனிக்காரன். எனக்கு ஒரு பிரச்சினைன்னா ஆளில்ல.

— நான் சொல்றேன் பாருங்க மெக்கானிக், நான் போன வருஷமே அதை விட்டு வெளிய வந்துட்டேன். என் வீட்டுக்காரர் போயிட்டார்னு நாலு வரி எழுதினேன். மறுநாள்ல இருந்து மெத்தை விளம்பரம். 'தனியாகத் தூங்குபவரா நீங்கள்?'

— கேட்டியாக்கா?

— கேட்டேன். டீச்சர், உங்க சட்டைக்கு ரெண்டு பொத்தான்தான் பாக்கி. அந்தக் கத்திரியை எடுத்துக் குடுத்துருங்களேன்.

— பக்கத்துலதானே இருக்கு, எந்திரிச்சு எடுத்தா என்ன? அவங்களைப் போய் வேலை வாங்கறே.

— நீ வந்த வேலையைப் பாரு.

— பாத்துட்டேன். மோட்டாரைக் கழட்டியாச்சு, பழையபடி மிதிச்சே தைக்கலாம். உனக்கு எதுக்கு மோட்டார்? கால்ல மிதிச்சாதான் துணி என் பேச்சைக் கேக்கும்னு முப்பது வருஷமா சொல்லுவே.

— இருக்கட்டும். மேல சொல்லு.

— சொல்றேன். மூணு வாரத்துக்கு முன்னாடி க்ரூப்ல எழுதினேன். என் பேர்ல ரெண்டு அக்கவுண்ட் இருக்கு, போலியை எல்லாரும் ரிப்போர்ட் பண்ணுங்கன்னு. பண்ணினாங்க. எரநூறு பேருக்கு மேல பண்ணினாங்க. போன புதன்கிழமை கம்பெனிக்காரன் என் அக்கவுண்டை மூடிட்டான்.

— உன்னோடதையா?

— என்னோடதையேதான். 'நீங்கள் வேறொருவராக நடிப்பதாகத் தெரிய வருகிறது.' நான் நானா நடிக்கிறேனாம். க்ரூப்பும் போச்சு, பதினோரு வருஷமும் போச்சு. எவ்வளவு கேள்வி, எவ்வளவு பதில். ராத்திரி பகல் பாக்காம உக்காந்து எழுதினது.

— ஐயோ.

— அதான் ஆன்லைன்லயே வேற இடத்துக்குப் போயிட்டேன். சின்ன இடம். ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் நடத்தறார். நாங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கறோம், விளம்பரம் கிடையாது. ஏதாவதுன்னா அவரே ஃபோன் எடுத்துப் பேசறார். சில வேளை கண்டபடி திட்டுவார், ஆனா பேசறார். நானூறு பேர் வந்தாச்சு. மத்தவங்க தயங்கறாங்க. நான்தான் போலியோன்னு சந்தேகம்.

— இப்ப நான் என்ன பண்ணணும்?

— உன்னை எல்லாருக்கும் தெரியும். காலர் வெட்ட நீ எழுதிக் குடுத்த அளவை வெச்சுத்தான் பாதிப் பேர் தைக்கறான். நீ அங்க வந்து, 'இவன்தான் என் தம்பி'ன்னு ஒரே ஒரு வரி எழுதினா போதும். எல்லாரும் பின்னாலயே வந்துருவாங்க.

— ம்.

— என்னக்கா ம்? நீயும் அந்த எரநூறு பேர்ல ஒருத்தியா? எதை அழுத்தினே?

— ரிப்போர்ட்டைத்தான்.

— எந்த அக்கவுண்டுக்கு?

— டிக் இல்லாததுக்கு.

— அக்கா.

— நல்லா முறை. உனக்கு மெஷினைத் தெரியும், எனக்குத் துணியைத் தெரியும். அந்த இழவு எனக்கு என்ன தெரியும்?

— ஊர்ல எவன் அழுத்தினாலும் பொறுத்துக்குவேன். நீ எப்படிக்கா? சின்ன வயசுல என்னை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவ நீ. என்னைத் தெரியலையா உனக்கு?

— இங்க பாரு. ரெண்டையும் வரிசையா படிச்சுப் பாத்தேன். ஒருத்தன், 'போலிகளை ஒழிப்போம்'னு கத்தறான். இன்னொருத்தன் தினமும் காலையில ஒரு பூப் படம் போட்டு, 'அன்பு அக்கா, முட்டி வலி எப்படி இருக்கு'ன்னு கேக்கறான். நீயா இருந்தா எதை அழுத்துவே?

— அன்பு அக்காவா? நான் என்னிக்கு உன்னை அப்படிக் கூப்பிட்டேன்?

— அம்பது வயசுலயாவது புத்தி வந்துச்சேன்னு சந்தோஷப்பட்டேன்டா.

— மோட்டார் விக்கறவன்க்கா அவன். நாலு வார்த்தை ஆசையாப் பேசினாதான் வாங்குவேன்னு தெரிஞ்சு பேசறான். நூறு பேருக்கு அதே பூவை அனுப்பியிருப்பான். அதுசரி, என்ன முட்டி வலி?

— ஒண்ணுமில்ல.

— நான் சொல்றேன் பாருங்க மெக்கானிக், உங்க அக்காவுக்கு ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம் ஆச்சு. மிதிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்குத்தான் மோட்டார். நீங்க வந்ததுல இருந்து அவங்க அந்த நாற்காலியை விட்டு எந்திரிச்சாங்களா?

— ஆபரேஷனா? யார்கூட போனே? யாரு பாத்துக்கிட்டா?

— டீச்சர்தான். ஆறு நாள் கீழ பாயைப் போட்டுப் படுத்தாங்க.

— எனக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாக்கா? இங்கிருந்து நாப்பது நிமிஷம் பஸ்ல. ஃபோன் பண்ணியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?

— பண்ணினேன். ரெண்டு தடவை பண்ணினேன். அந்தக் கம்பெனிக்காரன்கூட சண்டையில இருக்கேன், அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டே. சரி, இதைத்தானே எந்நேரமும் பாத்துட்டு இருக்கான்னு இதுலயே எழுதினேன். திங்கக்கிழமை ஆபரேஷன், பயமா இருக்குடான்னு. உடனே பதில் வந்துச்சு. 'தைரியமா இருங்க அக்கா, நான் வரேன்.'

— அது அவன்க்கா. நான் இல்ல.

— ரெண்டு நாள் கதவையே பாத்துட்டுப் படுத்திருந்தேன். தம்பி வருவான், தம்பி வருவான்னு நர்ஸ்கிட்ட வேற சொல்லி வெச்சேன்.

— அக்கா, சத்தியமா அந்தப் பதிலை நான் போடல.

— தெரியுது. அந்த வெல்டிங்காரர் இடத்தைத் திற, எங்க எழுதணும்னு காட்டு, எழுதறேன். பதில் போட்டவன் நீ இல்ல, ஒத்துக்கறேன். வராதவன் நீதானேடா.